ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்தால் கதிரை கிடைக்குமா?

மே 4 – கேள்வி, திருக்கோவில் வாசகர் ஒருவரிடமிருந்து

என் தங்கச்சி வணிகப் பிரிவில் உயர்தரம் எழுதினாள். மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பெரிதாக இல்லை. கல்முனைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டுகிறாள். சுகாதார சேவை நிர்வாக டிப்ளோமா. முடித்தால் ஆஸ்பத்திரிகளில் நிர்வாகப் பதவி, வெளிநாட்டிலும் கிராக்கி என்று போட்டிருக்கிறது. அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை செய்த யாராவது சொல்லுங்கள்: காசைக் கட்டலாமா? இதைப் படித்தவர்கள்தான் பிறகு டைரக்டர் ஆகிறார்களா?

மே 4, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை தம்பி. இலங்கையில் அரச ஆஸ்பத்திரியின் தலைமைக் கதிரை மருத்துவருக்குரியது. போதனா வைத்தியசாலையின் பணிப்பாளர், ஆதார வைத்தியசாலையின் வைத்திய அத்தியட்சகர், பிரதேச வைத்தியசாலையின் பொறுப்பு வைத்திய அதிகாரி எல்லோரும் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். மருத்துவ நிர்வாகம் என்றே எம்.எஸ்சி., எம்.டி. படிப்புகள் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் இருக்கின்றன. அந்த வகுப்பின் வாசலிலும் மருத்துவப் பட்டத்தைத்தான் கேட்பார்கள். துண்டுப்பிரசுரத்தில் இதைப் போடமாட்டார்கள்.

நகை இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும். மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

மே 5

நான் முகாமைத்துவ உதவியாளராக, அதாவது எழுத்தராக, ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் சேர்ந்தபோது, சுகாதார நிர்வாகம் என்று ஒரு பாடம் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. சம்பளப் பட்டியல், லீவுக் கோவை, மேலதிக நேரக் கொடுப்பனவு இவைதான் தெரியும். பட்டத்தைப் பிறகு வேலை செய்துகொண்டே வார இறுதிகளில் படித்தேன். இந்த வரிசை தலைகீழ் என்று பலர் நினைப்பார்கள். எங்கள் நாட்டில் இதுதான் நேர் வரிசை.

ஏன் என்று சொல்கிறேன். மருத்துவரும் தாதியும் அல்லாத ஒருவர் அரச ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குள் நுழையும் வழிகள் சிலவே. உயர்தரச் சித்தியோடு போட்டிப் பரீட்சை எழுதினால் முகாமைத்துவ உதவியாளர். பட்டம் இருந்தால் அபிவிருத்தி உத்தியோகத்தர். கணக்காளர் சேவைப் பரீட்சையில் தேறினால் கணக்காளர். நிர்வாக சேவைப் பரீட்சை எழுதி வருகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கென்று பிறந்தவர்கள் அல்லர். இன்று பிரதேச செயலகம், நாளை அமைச்சு. இந்த வாசல் ஒன்றிலும் 'சுகாதார நிர்வாக டிப்ளோமா வைத்திருக்கிறாயா' என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே போன பிறகு தரம் உயர்வதற்கும் சேவைக்காலமும் வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையும்தான் கணக்கு.

வாசல் இரண்டு பக்கமாகவும் இருக்கிறது, அதையும் சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரம் மாகாண சபைக்குப் போனது. ஆனால் முழுவதும் போகவில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழ். கிராமத்துப் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். ஒரே வீதியில் இரண்டு ஆஸ்பத்திரி இருந்தால் ஒன்றின் எழுத்தருக்கு நியமனக் கடிதம் கொழும்பிலிருந்து வரும், மற்றதன் எழுத்தருக்குத் திருகோணமலையிலிருந்து வரும். இடமாற்றமும் அப்படியே. தங்கச்சி மாகாண சேவைக்குள் போனால் வாகரைக்கோ பொத்துவிலுக்கோ தூக்கிப் போடுவார்கள். நாடளாவிய சேவைக்குள் போனால் அம்பாந்தோட்டைக்கும் போடலாம். கல்யாணத் தரகர்கள் இந்த வித்தியாசத்தை எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

மே 7

துண்டுப்பிரசுரத்தின் படத்தை அனுப்பியதற்கு நன்றி. பெயரை இங்கே எழுதவில்லை, தேவையும் இல்லை. இதே வாசகங்களோடு மட்டக்களப்பு நகரில் நாலு பேர் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

'சர்வதேச அங்கீகாரம்' என்று தங்க நிறத்தில் போட்டிருக்கிறது. எந்தச் சர்வதேசம்? இலங்கையில் அரச பல்கலைக்கழகம் அல்லாத ஒரு நிறுவனம் பட்டம் கொடுக்க வேண்டுமானால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின்படி அங்கீகாரம் வேண்டும். பட்டமில்லை, டிப்ளோமாதான் என்றால் தேசிய தொழிற்றகைமை மட்டம் எது என்று கேளுங்கள். 5, 6 என்று எண் சொல்ல வேண்டும். எண் சொல்லத் தெரியாமல் 'லண்டன் போர்டு' என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், தேநீர் கொடுத்தாலும் குடிக்க வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். மாணவர்களை எந்த ஆஸ்பத்திரியின் பதிவறைக்குள், எந்த மருந்துக் களஞ்சியத்துக்குள் எத்தனை மாதம் இருத்துவார்கள்? பதில் 'வாரத்தில் ஒரு நாள் களப் பயணம்' என்றால், பஸ்ஸில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குத்தான் அந்தக் காசு.

மே 7, பிறகு

ஒருவர் கோபப்படுகிறார்: 'அப்படியானால் இந்தப் பாடமே வீண் என்கிறீர்களா?' அதை நான் எங்கே சொன்னேன்? பாடம் பொன். அதை விற்கிற கடையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைக்கும், அப்போது விரிவாக எழுதுகிறேன்.

மே 11, ஞாயிறு

பாடம் ஏன் பொன் என்பதற்கு ஒரு வாட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், எந்த ஆஸ்பத்திரியினதும் அல்ல.

முப்பது கட்டில் உள்ள மருத்துவ வாட்டு. முப்பது நாள் மாதம். முப்பதை முப்பதால் பெருக்கினால் 900 கட்டில் நாட்கள் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் தாதி, வாட்டில் எத்தனை நோயாளர் என்று எண்ணி எழுதுகிறார். அந்த மாதத்து நள்ளிரவுக் கணக்குகளைக் கூட்டினால் 1,080 வருகிறது. 1,080ஐ 900ஆல் வகுத்தால் 120 வீதம். அதாவது எந்த இரவிலும் சராசரியாக ஆறு பேர் பாயில்.

இதைப் பார்த்ததும் வழக்கமாக எழுதப்படும் கடிதம்: 'கட்டில் போதாது, புதிய கட்டடம் தருக.' கடிதம் போகும். பாராளுமன்ற உறுப்பினர் வருவார், அடிக்கல் நடுவார், அடிக்கல்லில் புல் முளைக்கும்.

படித்தவர் இன்னொரு வகுத்தலும் செய்வார். அந்த மாதத்தில் துண்டு வெட்டி, அதாவது சிகிச்சை முடிந்து வீட்டுக்கு, போனவர்கள் 360 பேர். 1,080ஐ 360ஆல் வகுத்தால் ஒருவர் தங்கியது சராசரி மூன்று நாள். இந்த மூன்றை இரண்டரை ஆக்கினால்? 360 தரம் 2.5, சரியாக 900. ஒரு செங்கல்லும் வைக்காமல் பாயில் கிடந்த ஆறு பேருக்கும் கட்டில் வந்துவிடும்.

அந்த அரை நாள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. நான் ஒருமுறை வாட்டு இடாப்பை வைத்துக்கொண்டு, துண்டு வெட்டச் சொன்ன நேரத்தையும் நோயாளி உண்மையில் வெளியே போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வைத்தியர் காலைச் சுற்றில் 'வீட்டுக்குப் போகலாம்' என்கிறார். இரத்தப் பரிசோதனை அறிக்கை மதியத்துக்குப் பிறகு வருகிறது. அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய இளம் வைத்தியர் கிளினிக்கில் நிற்கிறார். கையெழுத்து விழும்போது மாலை ஆகிவிடும். மருந்து எடுக்க வரிசை. வாவிக்குக் கிழக்கே இருக்கும் எழுவான்கரைக்காரர் ஓட்டோ பிடித்துப் போய்விடுவார். மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். மண்டூர்ப் பக்கத்தவர் என்றால் குருமன்வெளிப் பாதையையும், அதாவது வாவியைக் கடக்கும் படகையும், நினைக்க வேண்டும். 'மிஸ், இன்றைக்கு இங்கேயே படுத்துவிட்டுக் காலையில் போகட்டா?' யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? நள்ளிரவில் தாதி எண்ணும்போது அந்தத் தலையும் கணக்கில் விழுகிறது. நாளைக் காலை அவருக்கும் சேர்த்து சமையலறையில் பாண் எழுதப்படுகிறது.

ஆக, கட்டில் பற்றாக்குறை என்று நாங்கள் கொழும்புக்கு எழுதியதில் ஒரு பங்கு பஸ் நேர அட்டவணை. வெளியேற்றத்துக்குரிய இரத்த மாதிரிகளை அதிகாலையிலேயே எடுத்து ஆய்வுகூடத்தில் முன்னால் வைக்கலாம். தூர இடத்தவரின் துண்டை முதலில் எழுதலாம். இவ்வளவுதான். இதற்கு அமைச்சர் தேவையில்லை. வகுக்கத் தெரிந்த ஒருவரும், அவர் சொல்வதைக் கேட்கிற ஒரு வைத்திய அத்தியட்சகரும் போதும். இரண்டாவது ஆள் கிடைப்பது கடினம் என்பது வேறு விஷயம்.

மே 12

ஒரு தாதி சகோதரியின் குறிப்பு, சரியானது: காலையில் அனுமதிக்கப்பட்டு மாலையிலேயே துண்டு வெட்டியவர் நள்ளிரவுக் கணக்கில் வரவே மாட்டார். உண்மை. அதனால்தான் பல இடங்களில் அவரை ஒரு நாளாகச் சேர்த்து எண்ணுகிறார்கள். பகல் முழுதும் நோயாளரைத் தூக்கி இறக்கிய தாதிக்கு 'உன் வாட்டு காலியாகத்தானே கிடந்தது' என்று நள்ளிரவு எண் சொல்லும். அந்த எண்ணை வைத்து ஆளணியைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கணக்கு என்றதும் ஓடுகிற பிள்ளைகளுக்கு: இதில் நாலாம் வகுப்பு வகுத்தலுக்கு மேல் ஒன்றும் இல்லை.

மே 18

மருத்துவர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சாராம்சம்: நோயைத் தெரியாதவர் ஆஸ்பத்திரியை நடத்தினால் காசைக் காப்பாற்றி ஆளைக் கொல்வார்.

அவர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பிரித்தானியாவில் இது நடந்து பார்த்த கதை. 1983இல் தேசிய சுகாதார சேவையை எப்படி நடத்துவது என்று அறிக்கை தரச் சொல்லி தாட்சர் அரசாங்கம் அழைத்தது ரோய் கிரிஃபித்ஸ் என்பவரை. அவர் மருத்துவர் அல்லர். செயின்ஸ்பரி சூப்பர் மார்க்கெட்டை நடத்தியவர். இங்கே முடிவெடுக்க யார் பொறுப்பு என்றே தெரியவில்லை, பொது முகாமையாளரை நியமியுங்கள் என்றார். நியமித்தார்கள். அந்தச் சண்டை இன்றும் முழுதாக ஓயவில்லை.

மற்றப் பாதி: எங்கள் ஊரில் நல்ல சத்திர சிகிச்சை நிபுணர் ஒருவர் காலை முழுதும் மின்பிறப்பாக்கி டீசலுக்குக் கையெழுத்து வைப்பதையும், சிற்றூழியர் இருவரின் சண்டையை விசாரிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அரச நிதி விதிகளான நிதிப் பிரமாணங்களில் 104இன் கீழ் காணாமல்போன சக்கர நாற்காலிக்கு விசாரணை அறிக்கை எழுத எத்தனை வைத்தியருக்கு ஆசை? தலைமை மருத்துவரிடமே இருக்கட்டும் டொக்டர். உங்கள் மேசைக்கு வரும் கோவைகளில் பாதியை, படித்த ஒருவர் வாசலிலேயே முடித்து அனுப்பினால் நீங்கள் வாட்டுக்குப் போகலாம். நான் கேட்பது அவ்வளவே.

இந்த இடத்தில் கொழும்புக் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியையும் சொல்ல வேண்டும். 2000 வாக்கில் அங்கே ஜப்பானியரின் ஐந்து எஸ் முறையை, அதாவது வேலைத்தளத்தைப் பிரித்து அடுக்கிச் சுத்தமாக வைக்கும் முறையைக் கொண்டுவந்து காட்டியவர் விமல் கரந்தகொட என்ற மருத்துவர்தான். பிறகு ஜப்பானியர்களே ஆபிரிக்க நாட்டுக்காரருக்கு அதை எடுத்துக்காட்டாகக் காட்டினார்கள். ஆகவே, மருத்துவருக்கு நிர்வாகம் வராது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஐந்து எஸ் வந்தபோது நடந்தது வேறு: ஒவ்வொரு அலுமாரியிலும் 'அலுமாரி' என்று ஒட்டினார்கள். உள்ளே இருந்த 1990களின் கோவைகளை யாரும் தொடவில்லை.

மே 25

அமெரிக்காவில் இருக்கும் மச்சாள் ஒருவர் 'இங்கே இந்தப் படிப்புக்கு நல்ல சம்பளம்' என்கிறாராம். இருக்கலாம், ஆனால் அது அங்கத்தைய கதை.

அங்கே இது பழைய பாடம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1934இல் மைக்கேல் டேவிஸ் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் பட்டப்பின் படிப்பைத் தொடங்கினார். காப்புறுதிக் கம்பனி, தனியார் ஆஸ்பத்திரி, அரச மருத்துவக் காப்பீடு என்று பணம் பல குழாயில் ஓடும் நாடு அது. ஒரு குடல்வால் வெட்டினால் பத்துப் படிவம். அந்தப் படிவங்களை நிரப்பவே ஒரு படை வேண்டும். முதியோர் பராமரிப்பு இல்லத்தை நடத்துவதற்கு மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்; அதற்கும் இந்தப் படிப்பு ஒரு வழி. இங்கே நோயாளியிடம் பில் கேட்காத அரச ஆஸ்பத்திரி. படிப்பின் பெயர் ஒன்று, வயிற்றுப்பாடு வேறு.

ஆனால் அவர்களுடைய சிந்தனையை எடுத்துக்கொள்ளலாம். 1966இல் டொனபெடியன் என்பவர் தரத்தை மூன்றாகப் பிரித்தார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், நோயாளிக்கு என்ன ஆனது. எங்கள் ஆண்டறிக்கைகளைத் திறந்து பாருங்கள். முதலாவது பக்கம் பக்கமாக இருக்கும்: இத்தனை கட்டில், இத்தனை இயந்திரம். இரண்டாவது கொஞ்சம். மூன்றாவதைத் தேட வேண்டும்.

இந்தியாவில் மருத்துவர் அல்லாதவரும் எம்.எச்.ஏ. என்ற ஆஸ்பத்திரி நிர்வாக முதுகலைப் பட்டம் படிக்கலாம், மும்பை டாடா சமூக அறிவியல் கழகம் போன்ற இடங்களில். திரும்பி வந்தால் இங்கே தனியார் ஆஸ்பத்திரிதான் தஞ்சம், பெரியவை கொழும்பில். மட்டக்களப்பில் தனியார் என்றால் அரச நிபுணர்கள் மாலையில் வந்து சனல் பார்க்கிற, அதாவது கட்டணத்துக்கு நோயாளரைப் பார்க்கிற, இடங்கள் பல. அங்கே நிர்வாகி என்பவர் சனல் இலக்கம் எழுதி, ஏசி திருத்துபவரைக் கூப்பிட்டு, இரவு காசு எண்ணுகிறவர். கேவலமாகச் சொல்லவில்லை, நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள அது நல்ல இடம். ஆனால் அதற்கு நகை அடகு வைக்கத் தேவையில்லை.

ஜூன் 1

மருந்துக் களஞ்சியத்தைப் பற்றி எழுதாமல் இருந்தால் என் பழைய மருந்தாளர் நண்பர் பேசமாட்டார்.

ஒவ்வொரு மருந்துக்கும் அலுமாரித் தட்டில் ஒரு பின் கார்ட் தொங்கும். வந்தது, போனது, மிச்சம், கையெழுத்து. மிச்சம் என்ற நிரலில் 400 என்று இருந்து தட்டில் 320 இருந்தால் அன்றைய இரவு தூக்கம் இல்லை. புதிதாய் வந்த பெட்டியை முன்னால் வைக்கக் கூடாது. எது முதலில் காலாவதியாகுமோ அதுதான் முதலில் வெளியே போக வேண்டும். எளிய விதி. ஆனால் லொறி வருவது மழையில், இறக்குவதற்கு ஒரே ஒரு ஆள், அவருக்கும் முதுகு வலி. பெட்டி எங்கே இடமோ அங்கே விழும். ஆறு மாதம் கழித்துப் பின்வரிசையில் காலாவதியான பெட்டி. கணக்காய்வு வரும். விதி தெரியாததால் வந்த பிழை அல்ல இது, இறக்கும் நேரத்தில் இரண்டாவது ஆள் இல்லாததால் வந்தது.

2022இல் மருந்து வராத காலம். டீசல் இல்லை, மின்வெட்டு, இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 பாகைக்குள் இருந்தாக வேண்டும். அப்போதுதான் படிப்பில் வெறும் எழுத்தாக இருந்த ஒன்றுக்கு உயிர் வந்தது: மருந்துகளை உயிர் காப்பவை, அத்தியாவசியமானவை, இல்லாமலும் சமாளிக்கக்கூடியவை என்று மூன்றாகப் பிரிக்கும் பட்டியல். சாதாரண நாட்களில் எல்லோரும் தங்கள் மருந்தை முதல் வகுப்பில் போடச் சொல்வார்கள். இல்லை என்ற நாளில் நிபுணர்களை ஒரு மேசையில் இருத்தி 'இருக்கிற காசுக்கு எது முதலில்' என்று கேட்க வேண்டியிருந்தது. குரல்கள் உயர்ந்தன. பட்டியல் கையில் இருந்ததால் முடிவும் வந்தது. பிராந்திய மருந்துக் களஞ்சியத்தை அழைத்து, பக்கத்து ஆஸ்பத்திரியில் மிச்சமாய் இருப்பதைக் கேட்டு வாங்கி, நம்முடையதைக் கொடுத்து, அது ஒரு தனி வியாபாரம். அந்த நாட்களில் தொலைபேசியில் இதமாகப் பேசத் தெரிந்த எழுத்தர் ஒருவர் செய்த வேலை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

ஜூன் 9

கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு நாட்கள். கோயிலில் நிற்கிறேன், தொலைபேசியில் எழுத மனமில்லை. கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இவ்வளவு கூட்டத்தில் முதலுதவிக் கூடாரம், தண்ணீர்த் தாங்கி, அம்புலன்ஸ் வழி எல்லாவற்றையும் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்து நடத்துகிறார். அந்தக் கொப்பியைக் கேட்டுப் பார்க்கும்படி எந்த விரிவுரையாளரும் மாணவரை அனுப்புவதில்லை.

ஜூன் 14

பதிவறையில் என்ன இருக்கிறது, அது தூசிதானே என்று ஒரு தம்பி எழுதியிருந்தார்.

இங்கே கிளினிக் நோயாளரின் குறிப்புப் புத்தகம் அவரவர் கையில்தான் இருக்கும். பொலித்தீன் பையில் சுற்றி, சாமிப்படத்துக்குப் பின்னாலோ அலுமாரித் தலையிலோ வைத்திருப்பார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டைக் கொண்டுபோனபோது புத்தகத்தையும் கொண்டுபோனது. இலங்கையில் அதிகம் உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். முகாம்களுக்கு வந்த வைத்தியர்களின் முன்னால் பிரஷர்க்காரர்களும் சீனிக்காரர்களும் வெறுங்கையோடு நின்றார்கள். 'சின்ன வெள்ளைக் குளிசை காலையில் ஒன்று, பாதி மஞ்சள் இரவில்.' வெள்ளைக் குளிசை எத்தனை வகை! ஒரு மூதாட்டி தன் மருமகளைக் கேட்கச் சொன்னார், அவளுக்குத்தான் மருந்தின் பெயர் தெரியும் என்றார். மருமகள் இல்லை என்பதை அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இன்னொரு பிரதி இருந்த சிலருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். அந்த அறையைத் தூசி என்று அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

பதிவறையின் மற்ற முகம் எண். ஒவ்வொரு கட்டில் தலைச்சீட்டிலும் கடைசியில் நோயின் பெயர் எழுத வேண்டும், அதற்கு ஐ.சி.டி. 10 என்ற சர்வதேச நோய்க் குறியீடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்கு அறிக்கை போகும். இளம் வைத்தியர் அவசரத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதிவிட்டால் அது ஆர் 50 ஆகப் பதிவாகும். பிறகு இரத்த அறிக்கையில் டெங்கு என்று வந்தாலும் சீட்டில் திருத்தாவிட்டால், கொழும்பு மேசையில் நம் ஊரில் வெறும் காய்ச்சல்தான். டெங்கு என்று சந்தேகம் வந்த உடனேயே எச் 544 என்ற தொற்றுநோய் அறிவித்தல் படிவம் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும். அது போனால்தான் பரிசோதகர் அந்த வீட்டுக் கிணற்றடிக்கும் பூச்சாடிக்கும் போவார். படிவம் மேசை லாச்சிக்குள் மூன்று நாள் தூங்கினால் கொசுவுக்கு மூன்று நாள் லாபம்.

ஜூன் 15

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு 'இதையெல்லாம் கணினியாக்கினால் தீர்ந்தது' என்கிறார்கள். கணினி வந்த இடங்களைப் பார்த்தேன். இடாப்பும் எழுதுகிறார்கள், கணினியிலும் அடிக்கிறார்கள். இடாப்பை நிறுத்த யாருக்கும் தைரியம் இல்லை, ஏனென்றால் கணக்காய்வாளர் இடாப்பைக் கேட்பார். வேலை இரண்டு மடங்கு. கணினியை எதிர்க்கவில்லை, எந்த இடாப்பை எப்போது மூடுவது என்று கையெழுத்திட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஜூன் 22

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். தனியார் கல்லூரிக்குக் காசு கட்டவில்லையாம். தங்கச்சி என்ன செய்யலாம் என்று நேராகக் கேட்கிறார். நானும் நேராகவே சொல்கிறேன்.

இசட் புள்ளி எட்டினால் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ முகாமைத்துவம். எட்டாவிட்டால் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. அரசுடையது, நகை வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: அங்கே மருத்துவமும் தாதியமும்தான், உயிரியல் பிரிவு வேண்டும். சுகாதார நிர்வாகம் என்ற பெயரைத் துரத்த வேண்டாம். கணக்கியலும் புள்ளிவிபரமும் உள்ள எந்தப் படிப்பும் ஆஸ்பத்திரிக்குள் செல்லும்.

மே 5இல் வேலை முதலில், படிப்பு பிறகு என்று எழுதினேன். இப்போது யோசிக்கும்போது அதைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று தோன்றுகிறது: முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம். படித்துக்கொண்டே எழுதட்டும். ஆனால் பரீட்சையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம். என்னோடு சேர்ந்தவர்களில் பட்டம் முடித்து நல்ல வேலைக்காகக் காத்திருந்த கெட்டிக்காரி ஒருத்தி, வயதெல்லை தாண்டிய பிறகுதான் விண்ணப்பத்தைத் தேடினாள்.

சிங்களம் படிக்கச் சொல்லுங்கள், இப்போதே. அரச சேவையில் இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சி எப்படியும் வேண்டும், அது ஒரு காரணம். மற்றக் காரணம் உங்கள் மாவட்டமே. இலங்கையில் மாவட்டம் 25, சுகாதாரப் பிராந்தியம் 26. மேலதிகமாய் உள்ள ஒன்று கல்முனை. அம்பாறை மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு பிராந்தியப் பணிப்பாளர். திருக்கோவில் நோயாளியை அம்பாறை நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் இரண்டு அலுவலகம், இரண்டு மொழி. அம்புலன்ஸ் புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் சிங்களத்தில் இரண்டு நிமிடம் பேசக்கூடிய ஓர் எழுத்தர் இருந்தால் அந்த நோயாளி வாசலில் காத்திருக்க மாட்டார்.

அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணங்களும் தமிழிலும் கிடைக்கின்றன. முழுவதையும் வாசிக்க வேண்டாம், லீவு அத்தியாயத்தையும் களஞ்சியப் பகுதியையும் வாசித்தால் போதும். பரீட்சைக்கும் உதவும், பிறகு மேலதிகாரியோடு வாதாடவும் உதவும்.

பரீட்சை அறிவித்தல்கள் வெளியாகும் அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும். யாரோ முகநூலில் போடும்வரை காத்திராமல் அச்சகத் திணைக்களத்தின் தளத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். மாகாணப் பதவிகளுக்கான அறிவித்தல் சில வேளை பத்திரிகையிலும் மாகாண சபையின் தளத்திலும் மட்டும்தான் வரும், அதையும் கவனிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று இந்தக் கிழமையே பார்த்துவிடுங்கள். 'சிவ', 'சிவா' வித்தியாசத்தைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு அலைவது விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் செய்கிற வேலை அல்ல.